பழைய பனி வண்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து அடியைப் பாருங்கள்

கனடாவின் வின்னிபெக்கில் லாரி பட்டறையில் வேலை பார்க்கிறேன். மிச்ச நேரமெல்லாம் பழைய பனி வண்டிகளோடுதான். போன வாரம் என் ஸ்னோ ட்ராக் வண்டியின் படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன, தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ட்ராக் என்று நான் சொல்வது டாங்கிக்கு இருப்பது போல சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை. இந்த வண்டிகளில் அது பெரும்பாலும் நீளமான ரப்பர் பெல்ட், அதன் குறுக்கே வரிசையாக போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பட்டைகள். அந்த இரும்புப் பட்டைக்கு கிரௌசர் என்று பெயர். கீழே அடிக்கடி வரும் பாம்பார்டியர் பி12 கனடாவில் செய்த, பன்னிரண்டு பேர் உட்காரும் பனி வண்டி: முன்னால் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகை, பின்னால் ட்ராக்.

டொரொன்டோவிலிருந்து: அண்ணா, 1940களின் கடைசியில் வந்த பாம்பார்டியர் பி12 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரே செல்ஃபில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, சத்தமும் சுத்தமாக இருக்கிறது. வாங்கலாமா?

தம்பி, விற்கிறவர்கள் எல்லாரும் முதலில் எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள், ஏனென்றால் இந்த வண்டியில் சுலபமாகச் சரிசெய்யக்கூடியது அது ஒன்றுதான். பின்னால் உட்கார்ந்திருப்பது கிரைஸ்லரின் பழைய ஆறு சிலிண்டர் ஃபிளாட்ஹெட். அதே குடும்பத்து எஞ்சின் அந்தக் காலத்துக் கார், லாரி, பண்ணை இயந்திரம் என்று எல்லாவற்றிலும் ஓடியது, கேஸ்கெட்டும் வால்வும் இன்றைக்கும் கிடைக்கும். எஞ்சின் ஜாமாகியிருந்தால்கூட நான் பயப்பட மாட்டேன். பணத்தை விழுங்குவது அடிப்பாகம்.

ஒரு டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். பெல்ட்டைக் கையால் பின்பக்கமாக வளைத்துப் பாருங்கள். மேலோட்டமான வெடிப்பு பரவாயில்லை, வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் அந்த பெல்ட் போய்விட்டது. அடுத்து போல்ட் ஓட்டைகள். புதிதில் வட்டமாக இருந்த ஓட்டை, இழுவிசை தாங்கித் தாங்கி முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அப்படி ஆகிவிட்டால் கிரௌசர்கள் கோணலாக நிற்கும், ட்ராக்கைச் சுற்றவைக்கும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லோடு பொருந்தாது, கொஞ்ச நாளில் பல்லும் தேயும். ஜாக்கி போட்டுத் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் ஆட்டிப் பாருங்கள், பேரிங் ஆடினால் கையிலேயே தெரியும்.

அப்புறம் பாடி. பி12இன் உடம்பு ப்ளைவுட். கப்பல் ஜன்னல் மாதிரி வட்டமாக இருக்கிறதே, அந்த ஜன்னல் ரப்பரின் கீழ் விளிம்பில்தான் தண்ணீர் நிற்கும். நண்பர் ஒருவருக்கு நான் உதவிக்குப் போன முதல் பாம்பார்டியரில் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஜன்னலுக்கு இரண்டு அங்குலம் கீழே ஸ்க்ரூ டிரைவரை லேசாக அழுத்தினேன், ஊறின அவலில் விரல் போவது போல பிடி வரைக்கும் போய்விட்டது. விற்றவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. அப்படியும் வாங்கினார் நண்பர். மரவேலைக்கு மட்டும் இரண்டு குளிர்காலம் ஆனது.

ஆகவே எஞ்சின் ஓடாத, ஆனால் பெல்ட்டும் மரமும் நன்றாக இருக்கிற வண்டி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள்.

மொன்றியலிலிருந்து: மகன் இறந்த துக்கத்தில்தான் பாம்பார்டியர் இந்த வண்டியைக் கண்டுபிடித்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பாதி உண்மை. 1934 குளிர்காலத்தில் ஜோசஃப்-அர்மான் பாம்பார்டியரின் இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் நோய் முற்றியது. பனி மூடிய சாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழியில்லாமல் குழந்தை இறந்துபோனது. ஆனால் மனிதர் அதற்கு முன்பே இந்த வேலையில் இறங்கிவிட்டவர். 1922இல், பதினைந்து வயதில், ஒரு பழைய ஃபோர்டு எஞ்சினில் விமான விசிறி மாட்டி பனிச்சறுக்கு வண்டி ஓட்டி வீட்டில் திட்டு வாங்கினார்.

உண்மையான திருப்பம் ரப்பர் பூசிய ஸ்ப்ராக்கெட்டும் அதற்கேற்ற ட்ராக்கும், அதற்கு 1937இல் காப்புரிமை வாங்கினார். இரும்புப் பல்லில் பனி அப்பி இறுகிவிடும், ரப்பரில் உதிர்ந்துவிடும், விஷயம் அவ்வளவுதான். பன்னிரண்டு பேர் உட்காரும் பி12 வந்தது 1942 வாக்கில். ஆம்புலன்ஸ், தபால், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் ஓடியது. 1948இல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அள்ள ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்தது. அதனால்தான் சதுப்பு நிலத்துக்கு மஸ்கெக் டிராக்டர், அப்புறம் 1959இல் ஸ்கி-டூ என்ற சின்னப் பனி ஸ்கூட்டர் என்று வேறு பக்கம் திரும்பினார். எங்கள் வின்னிபெக் ஏரியில் மீன் பிடிப்பவர்கள் மட்டும் பழைய பாம்பார்டியரை விடவே இல்லை.

ட்ரொம்சோ, நார்வேயிலிருந்து: அண்ணை, என்னிடம் எம்29 வீசல் இருக்கிறது. இடது பக்கம் நன்றாகத் திரும்புகிறது, வலது லீவரை இழுத்தால் மெதுவாகத்தான் திரும்புகிறது. இரண்டு தரம் ட்ராக் கழன்றும் விட்டது.

வீசல் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவ ட்ராக் வண்டி. அதில் ஸ்டியரிங் சக்கரம் கிடையாது, இரண்டு லீவர்தான். ஒரு லீவரை இழுத்தால், இரண்டு ட்ராக்குக்கும் எஞ்சின் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலுக்குள் எண்ணெயில் ஊறிக்கிடக்கும் பிரேக் பேண்ட் ஒன்று அந்தப் பக்கத்து டிரம்மைப் பிடிக்கும். அந்தப் பக்க ட்ராக் வேகம் குறையும், மறுபக்கம் அதே அளவு கூடும். ஒரு பக்கம் மட்டும் சோம்பல் என்றால் முதலில் அந்த பேண்டின் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள். இரண்டு லீவரும் ஒரே தூரம் வந்து பிடிக்க வேண்டும். முடுக்கியும் சரியாகவில்லை என்றால் பேண்டின் உள்பக்கம் உரசிப் பிடிக்கும் லைனிங் தேய்ந்திருக்கிறது, திறந்தே ஆக வேண்டும். திறக்கும்போது ஒன்று: அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள், முகமூடி போடுங்கள்.

ட்ராக் கழல்வதற்கு முதல் சந்தேகம் ட்ராக்கின் இறுக்கம். வீசலின் ட்ராக்கைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே கம்பி ஓடும் ரப்பர் பேண்டுகள், ஒன்று நீண்டு ஒன்று நீளாமல் இருந்தால் ட்ராக் கோணலாக ஓடும். பழைய பேண்டை நம்பி மலைப்பக்கம் போகாதீர்கள், சரிவில் குறுக்காகப் போகும்போது சட்டென்று திருப்பினால் நல்ல ட்ராக்கே கழன்றுவிடும். தார் ரோட்டிலும் ஓட்டக் கூடாது. வீட்டிலிருந்து பனி வரைக்கும் ஐந்நூறு மீட்டர்தானே என்று ஓட்டுகிறவர்கள்தான் அடுத்த வருடம் பேண்ட் தேடி அலைகிறார்கள்.

உங்கள் ஊருக்காகவே பிறந்த வண்டி அது, தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் நார்வேக்குள் இறங்கித் தாக்குவதற்கென்று யோசித்து, அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் கம்பெனி செய்தது. அந்தத் தாக்குதல் நடக்கவே இல்லை, வண்டி மட்டும் சுமார் 15,000 செய்துவிட்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1951 பிப்ரவரியில் நார்வே, பிரிட்டன், ஸ்வீடன் மூன்றும் சேர்ந்து போன அண்டார்டிக் பயணத்தில் நான்கு பேர் ஏறிய வீசல் ஒன்று மூடுபனியில் பனிக்கட்டியின் விளிம்பு தெரியாமல் கடலுக்குள் போய்விட்டது, ஒருவர்தான் பிழைத்தார். பனிக்கட்டி மேல் ஓட்டும்போது சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மேல் திறப்பையோ கதவையோ திறந்து வைத்துக்கொள்ளுங்கள். குளிரும். குளிரட்டும்.

எட்மன்டனிலிருந்து: அண்ணா, என் வீட்டுக்காரர் ஒரு ஸ்னோ ட்ராக் வாங்கி ஷெட்டில் நிறுத்தியிருக்கிறார். எங்கள் பையன் நின்ற வண்டியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பி விளையாடினான் என்று அவனைப் பிடித்துத் திட்டுகிறார். இது அவ்வளவு பெரிய குற்றமா?

இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி, அக்கா. ஸ்னோ ட்ராக் ஸ்வீடன்காரர்கள் 1957லிருந்து 1981 வரை செய்த சின்ன வண்டி, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்றால் குளிரும் எஞ்சின் போட்டது. இதில் லீவர் இல்லை, கார் மாதிரியே ஸ்டியரிங் சக்கரம். ஆனால் சக்கரத்தைத் திருப்பினால் நடப்பது வேறு. உள்ளே வேரியேட்டர் என்று ஒன்று இருக்கிறது, அகலமும் குறுகலுமாக மாறும் புல்லிகள், நடுவில் ஒரு வி-பெல்ட். திருப்பும்போது புல்லி ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் இறுகும், பெல்ட் ஏறி இறங்கி இரண்டு ட்ராக்குக்கும் வேக வித்தியாசம் தரும். புல்லி சுற்றிக்கொண்டிருந்தால்தான் பெல்ட் நழுவி ஏறும். நின்ற வண்டியில் திருப்பினால் பெல்ட்டை இடுக்கி வைத்து நசுக்குவதுதான் மிச்சம்.

பையனைத் திட்ட வேண்டாம், ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். கூடவே ஒரு வேரியேட்டர் பெல்ட்டை வாங்கி வண்டியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சாமான் பீட்டில் புண்ணியத்தில் எங்கும் கிடைக்கும், காட்டு நடுவில் இந்த பெல்ட் கிடைக்காது.

கால்கரியிலிருந்து: கியூபெக்கில் ஒரு பி12 பேசி முடித்துவிட்டேன். ட்ரெய்லரில் நானே கொண்டு வரலாமா?

வரலாம், ஆனால் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். சாலையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் போக அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும், உயரம் தரையிலிருந்து 4.15 மீட்டருக்குள். பி12 தாண்டாது, இருந்தாலும் ட்ரெய்லரோடு சேர்த்து அளந்துவிடுங்கள்.

ஏற்றுவதுதான் கண்டம். இரும்புத் தளத்தில் இரும்பு கிரௌசர், அதுவும் உறைந்த காலையில், எண்ணெய் தடவிய வழுக்குமரம்தான். சரிவிலும் தளத்திலும் பலகை போடுங்கள், பழைய ரப்பர் மேட் இன்னும் நல்லது. முன்னால் ஸ்கீ இருப்பதால் அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். வின்ச் போட்டு இழுங்கள், உள்ளே உட்கார்ந்து ஓட்டி ஏற்றாதீர்கள். சரிவின் உச்சியில் வண்டி தராசு மாதிரி ஒரு கணம் நின்று, முன்பக்கம் தொப்பென்று தளத்தில் விழும். அந்த இடத்தில் அங்குலம் அங்குலமாகத்தான் போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அங்கேதான் ஸ்கீ கால் வளைந்தது.

எடை எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். பி12இன் எஞ்சின் பின்னால் இருப்பதால், முகம் முன்னால் பார்க்க ஏற்றி அப்படியே விட்டால் எடை ட்ரெய்லரின் வாலில் விழும், நெடுஞ்சாலையில் வால் ஆட ஆரம்பித்தால் உங்கள் காரையும் சேர்த்து ஆட்டும். முடிந்தவரை முன்னால் இழுத்து வையுங்கள். பின்பக்கமாக ஏற்றலாம் என்பார்கள், அதில் எடை சரியாகும், ஆனால் கதவும் மூடியும் காற்றுக்குத் திறந்துகொள்ளும். அப்படி ஏற்றினால் ஒவ்வொன்றையும் ஸ்ட்ராப் போட்டுக் கட்டுங்கள்.

செயினை சேஸிஸில் மாட்டுங்கள், நான்கு மூலையிலும். ட்ராக்கில் மாட்டாதீர்கள், ட்ராக் உருண்டு செயின் தளர்ந்துவிடும். ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டாம், கட்டை கொடுங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள், கட்டாயம் ஒன்றாவது தளர்ந்திருக்கும். குளிர்காலத்தில் கொண்டு வந்தால் இறக்கியதும் முதல் வேலை தண்ணீர் அடித்து அடியைக் கழுவுவது. பனி உருகுவதற்காக ரோட்டில் தூவும் உப்பு இத்தனை வருடப் பனி செய்யாததை ஒரே பயணத்தில் செய்துவிடும்.

கோவையிலிருந்து: சார், எங்களுடையது ஃபவுண்டரி. பனியே பார்த்ததில்லை, சும்மா ஆர்வத்தில் கேட்கிறேன். இவ்வளவு இரும்பு ஏன் பனிக்குள் புதையவில்லை? இந்த ஸ்ப்ராக்கெட்டை இங்கே வார்க்க முடியுமா?

எடை ட்ராக்கின் முழு நீளத்துக்கும் பரவிவிடுகிறது. வீசல் ஒரு சதுர அங்குலத்துக்கு இரண்டு பவுண்டுக்கும் குறைவாகத்தான் அழுத்தும், பூட்ஸ் போட்ட மனிதன் அதைவிட அதிகமாக அழுத்துவான். மனிதன் இடுப்பு வரை புதையும் இடத்தில் வண்டி மேலேயே போகும். வார்ப்பது உங்களுக்கு ஒரு விஷயமே இல்லை, நடு ஹப்பை யாரும் வார்க்கலாம். மேலே பூசும் ரப்பர் அல்லது பாலியூரித்தேன்தான் கஷ்டம். மைனஸ் முப்பதிலும் கல்லாக இறுகாமல் வளைய வேண்டும்.

யெல்லோநைஃபிலிருந்து: ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் நகர மறுத்தது. கிளட்சை விட்டதும் டங் என்று ஒரு சத்தம். என்ன உடைந்திருக்கும்?

ட்ராக் தரையோடு உறைந்திருக்கிறது. ஓடி நிற்கும் ட்ராக்கில் கொஞ்சம் சூடு இருக்கும், அடியில் பனி உருகும், ராத்திரியில் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். நீங்கள் கிளட்சை விட்டது சுவரைத் தள்ளியது மாதிரி. சத்தம் ஒரு தரம்தான் வந்தது என்றால் ஜாயின்ட் அல்லது ஆக்ஸிலைப் பாருங்கள், திரும்பும்போதெல்லாம் வந்தால் டிஃபரென்ஷியல். இனி நிறுத்தும் முன் இரண்டு பலகை போட்டு அதன் மேல் ஏற்றி நிறுத்துங்கள், ஸ்ப்ராக்கெட்டுக்குள் இருக்கும் பனியைக் கட்டையால் தட்டி எடுத்துவிடுங்கள். காலையில் முதலில் ஒரு கடப்பாரையால் ட்ராக்கை அசைத்துப் பாருங்கள். இரும்புச் சம்மட்டி வேண்டாம், அந்தக் குளிரில் கிரௌசர் கண்ணாடி மாதிரி தெறிக்கும்.

வான்கூவரிலிருந்து: பழைய நிறத்திலேயே பெயிண்ட் அடிக்க வேண்டுமா? ஹீட்டர் வேலை செய்யுமா?

உங்கள் வண்டி, உங்கள் நிறம். நான் கதவின் உட்புறத்தில் ஓர் அடி மட்டும் பழைய பெயிண்ட்டைத் தொடாமல் விடுவேன், பின்னால் வாங்குகிறவருக்கு உபயோகமாக இருக்கும். ஹீட்டர் வேலை செய்யும். கம்பளியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.