ஏரி வண்டலைக் கீரைப் பாத்தியில் போடலாமா?

கேள்வி: பெங்களூரு வர்த்தூர் பக்கம் அரை ஏக்கரில் பாலக், தண்டுக்கீரை, கொத்தமல்லி போடுகிறேன். இரண்டு மாடுகளும் உண்டு. ஏரியில் தூர்வாரிய வண்டல் மலிவாகக் கிடைக்கிறது. ஐந்து லோடு வரப்போரம் கொட்டியாயிற்று. தருமபுரியில் அப்பா ஏரி வண்டல்தான் அடிப்பார். இறைக்கலாமா ஐயா?

பதில்: கீரைக்கு வேண்டாம்.

அப்பா அடித்தது மழைத்தண்ணீர் கொண்டுவந்த வண்டல். வர்த்தூருக்கு வருவதோ பெள்ளந்தூர் ஏரி வழிந்து வரும் தண்ணீர். நகரத்துச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் பல வருடம் கலந்தது. அந்தச் சாக்கடைச் சத்தால் முதல் போகம் செழிப்பாகவே வரும், ஏமாறுவதும் அங்கேதான். காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல் என்று உடலுக்குக் கேடான கன உலோகங்கள் எல்லாம் அந்தச் சேற்றில்தான் படிகின்றன.

தண்ணீருக்கடியில் காற்றுப் படாதவரை இவற்றில் பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். அள்ளிக் காயவைத்தால் கந்தகம் அமிலமாக மாறும், காட்மியம் வேர் உறிஞ்சும் நிலைக்கு வந்துவிடும். ‘ஆறப்போட்டால் சரியாகிவிடும்’ என்று லோடுக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். பாலக் காட்மியத்தை இலைவரை ஏற்றிவிடும், இலையோ பச்சைப்பசேலென்றே இருக்கும். ஈயம் அவ்வளவாக ஏறாது. ஆனால் மழையில் தெறிக்கும் மண்ணோடு இலையில் ஒட்டிக்கொள்ளும்.

உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் (நகரக் குப்பையை மக்கவைத்த உரம்) கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம்வரை இருக்கலாம். வண்டலும் அந்த அளவுக்குள் இருந்தால் போதாதா என்பீர்கள். அரை ஏக்கருக்கு 2 டன் கம்போஸ்ட் போட்டால் அதிகபட்சம் 10 கிராம் காட்மியம். கிலோவுக்கு அதே 5 மில்லிகிராம் உள்ள வண்டலை, லோடு 3 டன் என்று வைத்து, அரை ஏக்கர் முழுக்க 25 லோடு அடித்தால் 375 கிராம்! போட்ட காட்மியத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மண் வள அட்டையை நம்பியும் இறங்காதீர்கள். அதிலுள்ள 12 அளவுகளில் காட்மியமும் ஈயமும் கிடையாது. கன உலோகப் பரிசோதனை என்று தனியாகக் கேட்க வேண்டும். எங்கே செய்வார்கள் என்று ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்தே கொடுங்கள்.

கொட்டிய ஐந்து லோடையும் முடிந்தால் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடுங்கள், மழைத்தண்ணீர் பாத்திக்கோ கிணற்றுக்கோ வடியக் கூடாது. அந்த வரப்புப் புல்லை மாட்டுக்கு அறுக்காதீர்கள். புல்லோடு மண்ணும் வயிற்றுக்குள் போகும், ஈயம் மாட்டின் நரம்பைக் கெடுக்கும்.

ஏற்கெனவே கொஞ்சம் இறைத்துவிட்டீர்கள் என்றால், பரிசோதனை முடிவு வரும்வரை அந்த இடத்தில் கீரைக்குப் பதில், சாப்பிடாத பயிரான சாமந்தி போடுங்கள். மண் புளித்திருந்தால் சுண்ணாம்பு இட்டு, கார அமில நிலையை (pH) 6.5-க்கு மேல் வையுங்கள்.