பிங்க் ரோஜா விதை 99 ரூபாய், வாங்கலாமா?

கேள்வி: மொட்டை மாடியில் பிங்க் பூவாகவே வைக்க ஆசை. ஆன்லைனில் 'பிங்க் ரோஜா விதை, 50 எண்ணம், 99 ரூபாய்' என்று வருகிறது, வாங்கலாமா? போன வருடம் நர்சரியில் வாங்கிய பிங்க் ரோஜா இரண்டு தடவை பூத்ததோடு சரி, இப்போது முள் கிளைதான் நீளமாகப் போகிறது. (மதுரை வாசகி)

பதில்: விதை வேண்டவே வேண்டாம். ரோஜா விதை முளைப்பதே பெரும்பாடு, அப்படியே முளைத்தாலும் படத்தில் இருக்கும் பூ வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, தாய்ச்செடியின் குணம் விதையில் அப்படியே இறங்காது. அதனால்தான் நர்சரிக்காரர்கள் குச்சி நட்டோ ஒட்டுக் கட்டியோ செடி தயார் செய்கிறார்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையா, 1915-க்குப் போன் போடுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

இனி உங்கள் பழைய செடி. அது ஒட்டுச்செடியாக இருக்கும், அதாவது காட்டு ரோஜா வேரின் மேல் நல்ல ரோஜாவை ஒட்டி வளர்த்தது. மண்ணை லேசாக விலக்கிப் பாருங்கள், தண்டில் முடிச்சு போல ஒரு புடைப்பு தெரியும், அதுதான் ஒட்டிய இடம். முள் கிளை அதற்குக் கீழே இருந்து வந்திருந்தால் அது நீங்கள் காசு கொடுத்த ரோஜாவே இல்லை, கீழே வேராக நிற்கிற காட்டு ரோஜா. அதை அடியோடு பிய்த்து எடுங்கள், நுனியை வெட்டினால் இன்னும் நாலாகத் துளிர்க்கும். மேலே ஒட்டிய பகுதி பச்சையாக இருந்தால் செடி பிழைக்கும், காய்ந்துவிட்டிருந்தால் தொட்டியைக் காலி செய்யுங்கள்.

அடுத்த தடவை பெரிய பூ விரிந்து நிற்கிற செடியைப் பார்த்து மயங்காதீர்கள். மொட்டும் சிவப்பாகப் புதுத் துளிரும் உள்ளதை எடுங்கள். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் சிலந்திப்பேன், அந்தச் செடி வேண்டாம். என்னைக் கேட்டால் பன்னீர் ரோஜாவையே சொல்வேன். நல்ல பிங்க், வாசனைக்குக் கேட்கவே வேண்டாம், குச்சியிலேயே வேர் பிடிப்பதால் ஒட்டுத் தொல்லையும் கிடையாது (குச்சியில் வந்த செடிதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்).

மதுரை வெயிலுக்குக் காகிதப்பூ இன்னும் சௌகரியம். அதில் பிங்காகத் தெரிவது பூவடி இலை, நிஜப் பூ நடுவில் வெள்ளையாகப் பொடியாக இருக்கும், அதனால் நிறம் வாரக்கணக்கில் நிற்கும். தண்ணீரை அள்ளி ஊற்றினால் இலைதான் வரும். டேபிள் ரோஸுக்குக் காசே செலவழிக்காதீர்கள், பக்கத்து வீட்டில் விரல் நீளத்துக்கு நாலு துண்டு கிள்ளி வந்து மண்ணில் செருகினால் போதும்.

கேள்வி: பிங்க் அரளி வாங்கலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: வேண்டாம். அரளியில் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். பாலைவன ரோஜா என்று விற்கிற அடினியமும் அதே குடும்பம்தான், அதன் பாலும் விஷம், நர்சரியில் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை. இட்லிப்பூவில் பிங்க் இருக்கிறது, தொட்டிக்குக் குட்டை ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.