பெட்ரோல் மிச்சமாகும் என்று ரோட் பைக் வாங்கலாமா?

கேள்வி: வயது 27. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கையில் வரும் சம்பளம் 31,000 ரூபாய். வீட்டுக்கு அனுப்பும் 9,000, வாடகை, சாப்பாடு எல்லாம் போக மாதம் 5,000 மிஞ்சும். சேமிப்புக் கணக்கில் 70,000 இருக்கிறது. கடன் இல்லை. நண்பர்கள் 200 கிலோமீட்டர் பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டுகிறார்கள், எனக்கும் ஆசை. ஷிமானோ கம்பெனியின் சோரா கியர் செட் வைத்த புது ரோட் பைக், அதாவது வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர் கொண்ட வேக சைக்கிள், 52,000 ரூபாய். கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை, 12 மாதம் என்கிறார் கடைக்காரர். ஆபீஸ் 7 கிலோமீட்டர்தான், பெட்ரோலும் மிச்சமாகும். நண்பர் ஒருவரோ அதே ஷிமானோவின் கிளாரிஸ் கியர் வைத்த பழைய ரோட் பைக், பிரேம் 58 சைஸ், 21,000-க்கு வருகிறது, அதை எடு என்கிறார். என் உயரம் 5 அடி 6 அங்குலம். எதை வாங்கலாம் சார்?

பதில்: முதலில் பெட்ரோல் கணக்கை முடித்துவிடுவோம். மனதுக்குப் பிடித்த சாமானை வாங்க நாம் எல்லோரும் தேடுகிற சாக்கு அது. போக வர 14 கிலோமீட்டர். மழை, வெயில், சோம்பல் எல்லாம் கழித்து மாதம் 12 நாள் சைக்கிளில் போவீர்கள் என்று வைத்தால் 168 கிலோமீட்டர். உங்கள் டூ வீலர் லிட்டருக்கு 45 கொடுத்தால் நாலு லிட்டர்கூட ஆகாது. லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் மாதம் 375 ரூபாய்க்குள்தான் மிச்சம். 52,000-ஐ இப்படித் திரும்ப எடுக்கப் பதினோரு வருடத்துக்கு மேல் ஆகும். தவிர, ரோட் பைக்கில் மட்கார்டு இருக்காது, கேரியர் இருக்காது, ஸ்டாண்டுகூட இருக்காது. அதை வாசலில் பூட்டிவிட்டு மாடியில் நிம்மதியாக வவுச்சர் பார்க்க உங்களால் முடியாது. ஆகவே இது பொழுதுபோக்குச் செலவு. தப்பே இல்லை, அந்தத் தலைப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வட்டியில்லாத் தவணை என்பது பெயரளவில்தான். வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுவார்கள், வங்கி வழக்கம்போல வட்டி போடும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில் விழும். ஆண்டுக்கு 16 சதவீதம் என்று வைத்துப் பார்த்தால் வரி மட்டும் சுமார் 760 ரூபாய். புராசசிங் கட்டணமும் சேர்ந்தால் ஆயிரத்தை ஒட்டி வந்துவிடும். ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்திருப்பாரே, அதுவும் போச்சு. இதெல்லாம்கூடப் பெரிதில்லை. மாதம் 5,000 மிஞ்சுகிற இடத்தில் 4,333 ரூபாய் தவணை ஒரு வருடம் உட்கார்ந்துவிடும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஊரில் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்து கார்டு பில்லை முழுதாகக் கட்ட முடியாமல் போனால், பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வாக்கில் வட்டி ஓடும். வேண்டாம்.

என் யோசனை 30,000 ரூபாய். சேமிப்பிலிருந்து 15,000 எடுங்கள், மீதி மூன்று மாத மிச்சத்தில் வரட்டும். கணக்கில் 55,000 நிற்கும், அது உங்கள் இரண்டு மாதச் செலவு. அதற்குக் கீழே கை வைக்காதீர்கள், வாங்கிய பிறகு அடுத்த மூன்று மாதத்தில் எடுத்ததை நிரப்பிவிடுங்கள்.

அந்த 30,000-இல் சைக்கிளுக்கு 22,000 வரைதான். முதன்முறை வாங்குகிறவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் இது. மொத்தப் பணத்தையும் சைக்கிளில் போட்டுவிட்டு ஹெல்மெட்டுக்குக் கடன் கேட்பார்கள். ஹெல்மெட், முன்பின் விளக்கு, பூட்டு, தரையில் வைத்து அடிக்கும் பம்பு, மாற்று டியூப், டயரைக் கழற்றும் லீவர், முதல் சர்வீஸ், பேட் வைத்த டிரவுசர்... சிக்கனமாகப் போனாலும் எட்டாயிரம் ஆகிவிடும். பம்பு எதற்கு, தெருமுனைப் பங்சர் கடை இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ரோட் பைக் டியூபில் வருவது பெரும்பாலும் பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வு. அந்தக் கடையின் பம்பு அதில் பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கலாம். ரோட் பைக் சக்கரத்தின் 700 சி அளவு டியூப் அந்தக் கடையில் கிடைக்கும் என்றும் நம்ப முடியாது.

22,000-க்குப் புதிதாக ஒன்று கிடைத்தாலும் நான் பழையதைத்தான் பார்ப்பேன். அந்த விலையில் ரோட் பைக் மாதிரி வளைந்த ஹேண்டில்பார் வைத்திருப்பார்கள், கியர் மாற்றும் நெம்புகோல் தண்டில் எங்கேயோ இருக்கும். மாற்றும்போதெல்லாம் ஒரு கையை எடுக்க வேண்டும். கிளாரிஸ் செட்டில் பிரேக் நெம்புகோலிலேயே கியரும் இருக்கிறது, பின்பக்கம் 8 பல்சக்கரம். சோராவில் 9. உங்கள் வேலைக்கு அந்த ஒன்று கூடுதல் தேவையில்லை. 200 கிலோமீட்டர் பிரவேக்கு நேரம் பதின்மூன்றரை மணி. டீ குடிக்கும் நேரமும் சேர்த்து சராசரி 15 கிலோமீட்டர் வேகம் போதும். ரோட் பைக்தான் வேண்டும் என்று விதிகூடக் கிடையாது.

பழையது பார்க்கப் போகும்போது ஒரு அடி ஸ்கேல் எடுத்துப் போங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடினால் செயின் மாற்ற வேண்டும். மூன்று மில்லிமீட்டர் என்றால் பின்பக்கப் பல்சக்கரமும் தேய்ந்து போயிருக்கும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பெடல் அச்சுக்கும் ஹேண்டிலுக்கும் பக்கத்தில் பிரேமில் விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். பிரேம் அலுமினியமாகவே இருக்கட்டும். பழைய கார்பனில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அசல் பில்லைக் கேளுங்கள். அதில் உள்ள நம்பரும் பிரேமின் அடியில் பொறித்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பேரத்துக்கு ஒரு விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. அதற்கு முன் 45,000-க்கு வாங்கியவர் அந்த விலையையே சொல்லித் தொடங்கினால், அடிப்படை விலை மாறாதிருந்தாலே இன்று அது 42,200-தான் என்று ஞாபகப்படுத்துங்கள்.

அப்புறம், நண்பர் சொன்ன அந்த 58 சைஸ். பல வருடத்துக்கு முன் நானும் இப்படி ஒன்று வாங்கினேன். தள்ளுபடியில் கடைசியாக நின்றது, பெரிய சைஸ். சீட்டை இறக்கினால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். சீட் இறங்கியது, ஹேண்டில் பக்கத்தில் வரவில்லை. நாலு மாதம் கழுத்து வலியோடு ஓட்டி, பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். உங்கள் உயரத்துக்கு கம்பெனியைப் பொறுத்து 52 அல்லது 54. அந்த 58-ஐ 15,000-க்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.