மூன்று தடவை மறுத்த பிறகு: பாரசீக விருந்தோம்பல் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

ஈரானுக்கு மூன்று முறை போய்வந்திருக்கிறேன். ஷிராஸ், இஸ்ஃபஹான், யஸ்த், காஷான் ஊர்களில் ஹோட்டலைவிட வீடுகளில் கழித்த பொழுதுகளே அதிகம். போக ஆசைப்படுகிறவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து ஒரு கணக்காளர்: டாக்சிக்காரர் காசு வேண்டாம் என்பாராமே, உண்மையாகவே இலவசமா?

இல்லை. கொடுத்துவிடுங்கள். அவர் சொல்வது 'காபெலி நதாரே'. உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா என்ற அர்த்தம். நீங்கள் மறுபடி நீட்ட வேண்டும், அவர் மறுபடி மறுப்பார், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வார். கடைக்காரரும் இதையே சொல்வார்.

இந்தப் பழக்கத்துக்குப் பெயர் தாரோஃப். அரபியில் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் போலி மரியாதை என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கொடுப்பவர் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறார், வாங்குபவர் அவரை உயர்த்துகிறார். இரண்டு பேருக்கும் விதி தெரிந்திருப்பதால் யாரும் ஏமாறுவதில்லை. வாசலில் 'பெஃபர்மாயீத், பெஃபர்மாயீத்' என்று ஒருவரை ஒருவர் முன்னே போகச் சொல்லி ஒரு நிமிடம் நிற்பார்கள். அந்த ஒரு நிமிடம் வீண் இல்லை.

முதல் பயணத்தில் இது தெரியாமல், வேண்டாம் என்று சொன்ன ஓட்டுநரிடம் நன்றி சொல்லி இறங்கிப் போய்விட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி தங்கிய வீட்டில் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. அவரைத் தேடிப் பிடிக்க வழியில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

ஒருவர் வீட்டில் ஒரு பொருளை ரொம்பப் புகழ்ந்தாலும் கவனம். 'பீஷ்கெஷ்' என்று எடுத்து நீட்டிவிடுவார்கள், உங்களுக்கே காணிக்கை என்று. நம் பாளையக்காரர்கள் ஆர்க்காட்டு நவாபுக்குக் கட்டிய 'பேஷ்குஷ்' இதே சொல்தான். இங்கே வரியாக வந்த சொல் அங்கே அன்பாக வருகிறது. வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கோவை, ஒரு மாணவர்: அப்படியானால் 'வீட்டுக்கு வாங்க' என்பதும் தாரோஃப்தானா?

பல நேரம் ஆமாம். நாமும் வழியில் பார்த்தவரை 'வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்' என்போம் இல்லையா, அதுபோல. உண்மையான அழைப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நாளும் நேரமும் சொல்வார்கள், போன் நம்பர் கேட்பார்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று விசாரிப்பார்கள். இரண்டு முறை மறுத்துப் பாருங்கள். மூன்றாவது முறையும் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். அதற்கு மேல் மறுத்தால் அவர்கள் மனம் கோணும்.

போகும்போது பூவோ ஒரு பெட்டி இனிப்போ வாங்கிப் போங்கள். செருப்பை வாசலில் விடுங்கள். கொடுத்த பரிசைப் பிரிக்காமல் ஓரமாக வைத்தால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது கூச்சம்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

பட்டினி இல்லை, ஆனால் சிரமம் உண்டு. 'கூஷ்த்' என்றால் அவர்களுக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிதான் நினைவுக்கு வரும். 'கூஷ்த் நெமிகொரம்' (இறைச்சி சாப்பிடமாட்டேன்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடலாம். கோழிக்கு 'மோர்க்', மீனுக்கு 'மாஹி'. மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கத்திரிக்காயை வதக்கி மசித்து, கஷ்க் என்ற புளித்த பால்பொருளை ஊற்றித் தரும் கஷ்கெ பாதெம்ஜான் கிடைக்கும். பருப்புச் சோறான அதஸ் போலோவில் திராட்சையும் பேரீச்சையும் போடுவார்கள். கீரையும் பயறும் நூடுல்ஸும் சேர்ந்த ஆஷெ ரெஷ்தே ஒரு கிண்ணம் குடித்தால் வயிறு நிறைந்துவிடும். அதஸ் போலோவிலும் ஆஷிலும் இறைச்சி சேர்ப்பவர்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் சுட்ட கத்திரிக்காயும் பூண்டும் தக்காளியும் போட்ட கீலான் பக்கத்து மீர்ஸா காசெமியை விடாதீர்கள்.

திண்டுக்கல், ஓட்டல் நடத்துபவர்: அவர்கள் சோறு ஆக்கும் முறையைச் சொல்லுங்களேன்.

இதைக் கேட்டதற்கு நன்றி. அரிசியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, முக்கால் வேக்காட்டில் வடித்துவிடுவார்கள். பானையின் அடியில் எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, வடித்த அரிசியைக் குவியலாகப் போட்டு, மூடியைத் துணியால் சுற்றி மூடி மெல்லிய தீயில் தம் போடுவார்கள். நீராவியைத் துணி குடித்துக்கொள்ளும், சோறு பூப்பூவாக உதிரும். அடியில் பொன்னிறமாக ஒரு பொருக்கு பிடிக்கும். அதுதான் தஹ்தீக். தஹ் என்றால் அடி, தீக் என்றால் பானை. நம் வீடுகளில் காந்தல் என்று சுரண்டுவோமே, அதைத்தான் அவர்கள் கருகவிடாமல் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். சில வீடுகளில் அடியில் உருளைக்கிழங்கு வில்லைகளை அடுக்குவார்கள். தஹ்தீக்கின் நல்ல துண்டு விருந்தாளி தட்டுக்கு வரும். வீட்டுப் பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், உடைத்துப் பங்கு கொடுங்கள்.

தரையில் விரிக்கும் சாப்பாட்டுத் துணி ஸொஃப்ரே. அதை மிதிக்கக் கூடாது. போதும் என்று ஒரு தடவை சொன்னால் அது தாரோஃப் என்று நினைத்து மேலும் வைப்பார்கள். அதனால் முதலில் கொஞ்சமாக வாங்குங்கள். முடித்ததும் 'தஸ்தெ ஷொமா தர்த் நகொனே' என்று சொல்லுங்கள். சமைத்த உங்கள் கை வலிக்காதிருக்கட்டும் என்று பொருள். உங்கள் தலை வலிக்காதிருக்கட்டும் என்று பதில் வரும்.

அப்புறம் தேநீர். பால் கிடையாது. 'கந்த்' என்ற சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சுவார்கள். ரோஜாவுக்கு 'கொல்', சர்க்கரைக்கு 'கந்த்', சேர்த்தால் நம் குல்கந்து.

பெங்களூரு, ஐடி ஊழியர்: பாரசீகர், ஈரானியர் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஈரானில் அஸெரிகள், குர்துகள், லூர்கள், பலூச்சிகள், அரபியர் எல்லாரும் இருக்கிறார்கள். தப்ரீஸில் ஒருவரைப் பாரசீகர் என்றால், நான் அஸெரி என்று திருத்துவார். பாரசீக மொழி ஆப்கானிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் பேசப்படுகிறது. வெளிநாட்டார் அந்த நாட்டைப் பாரசீகம் என்றே அழைத்துவந்தார்கள். 1935இல்தான் தன் நாட்டை ஈரான் என்று அழைக்க வேண்டும் என ஈரான் அரசு வெளிநாடுகளைக் கேட்டுக்கொண்டது.

திருச்சி, செவிலியர்: பெண் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். தலையை மறைக்க வேண்டும் என்பது சட்டம். கட்டாய முக்காட்டை எதிர்த்த 2022 போராட்டங்களுக்குப் பிறகு பல பெண்கள் முக்காடு இல்லாமல் நடமாடுகிறார்கள் என்றாலும், பயணிகள் சட்டத்தை மீற வேண்டாம். முழுக்கை சுடிதாரும் துப்பட்டாவும் போதும். டெஹ்ரான் மெட்ரோவில் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. அங்கே ஏறினால் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுப்பார், அடுத்த ஸ்டேஷனில் கையில் பிஸ்தா இருக்கும். ஆண்கள் கை நீட்டாவிட்டால் நீங்களும் நீட்ட வேண்டாம். நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும்.

சென்னை, தமிழ் முதுகலை மாணவி: ஷிராஸில் ஒரு கவிஞரின் கல்லறைக்குக் கூட்டம் போகிறதாமே?

ஹாஃபெஸ், 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர். இப்போது இருக்கும் எட்டுத்தூண் மண்டபம் 1930களில் கட்டியது. ராத்திரி போங்கள். பளிங்குக் கல்லில் இரண்டு விரலை வைத்து முணுமுணுப்பவர்கள், கஸல் சொல்லும் தாத்தாக்கள், கைபேசியில் பார்த்து வாசிக்கும் காதலர்கள் என்று இருக்கும். ஆண்டின் மிக நீண்ட இரவான யல்தாவில் குடும்பமாக உட்கார்ந்து மாதுளையும் தர்ப்பூசணியும் சாப்பிட்டுக்கொண்டே, மனதில் ஒன்றை நினைத்து ஹாஃபெஸின் கவிதைத் தொகுப்பைப் பிரித்துப் பலன் பார்ப்பார்கள். பெரியவர் ஒருவர் வாசித்து விளக்குவார். கல்லறைக்கு வெளியே சின்னப் பறவையை விட்டுக் கவிதைச் சீட்டு எடுக்கவைப்பவரைப் பார்த்ததும் நம் கிளி ஜோசியர்தான் நினைவுக்கு வந்தார். இங்கே சீட்டில் சாமி படம், அங்கே கவிதை. அந்த வேறுபாடு என்னை ரொம்ப நேரம் நிற்கவைத்தது.

யாழ்ப்பாணம், வணிகர்: நவ்ரூஸுக்குப் போகலாமா? என்ன பரிசு கொண்டுபோக?

மார்ச் 20 அல்லது 21இல் புத்தாண்டு. இளையவர்கள் முதலில் மூத்தோர் வீட்டுக்குப் போக, பெரியவர்கள் புதுத் தாள் பணம் கொடுப்பார்கள், உங்கள் கைவிசேஷம் போலவே. ஆனால் இரண்டு வாரம் நாடே பயணத்தில் இருக்கும், அறை கிடைப்பது சிரமம். வீட்டில் கூப்பிட்டால் போங்கள், சுற்றிப்பார்க்க மட்டும் என்றால் ஏப்ரல் கடைசியோ மே மாதமோ நல்லது. மே மாதம் காஷான் பக்கத்து கம்சரில் ரோஜாவிலிருந்து பன்னீர் வடிப்பார்கள். பரிசுக்கு இலங்கைத் தேயிலை. ஈரானுக்குத் தர வேண்டிய எண்ணெய்க் கடன் 25 கோடி டாலரைத் தேயிலையாகவே திருப்பித் தர இலங்கை 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது என்றால் அங்கே அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை, பயண ஆர்வலர்: பணம், விசா?

நம் வங்கி அட்டைகள் எதுவும் வேலை செய்யாது, டாலரோ யூரோவோ ரொக்கமாக. தாளில் ரியால், பேச்சில் தோமான். 10 ரியால் ஒரு தோமான். இந்தியர்களுக்கு 2024இல் தந்த விசா விலக்கு 2025 நவம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 ஜூனில் போரே நடந்த நாடு. வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

தஞ்சாவூர், இல்லத்தரசி: என் மகன் கிளம்பும்போது அந்த வீட்டுப் பாட்டி அவன் பின்னால் தண்ணீர் ஊற்றினாராம். திருஷ்டியா?

திருஷ்டி இல்லை அம்மா. பயணம் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீரைத் தரையில் கொட்டுவார்கள். தண்ணீர் போல வழி தடங்கலின்றி ஓடட்டும், சீக்கிரம் திரும்பி வரட்டும் என்று. அதைச் சொந்தப் பிள்ளைகளுக்குச் செய்வார்கள். பாட்டிக்கு ஒரு போன் போட்டு, ஊர் வந்து சேர்ந்துவிட்டேன் என்று உங்கள் மகனைச் சொல்லச் சொல்லுங்கள்.