எக்விப்டு பவர்லிஃப்டிங்: முதல் சூட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

"முதன்முறையாக எக்விப்டு போட்டிக்குப் போகிறேன். சூட், பெஞ்ச் ஷர்ட் எல்லாம் இறுக்கமாக இருந்தால்தான் கிலோ ஏறும் என்கிறார்கள். எதை எந்த அளவில் வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எக்விப்டு என்றால் எடை தூக்க உதவும் விறைப்பான சூட், ஷர்ட், ராப் போட்டுத் தூக்குவது. பெல்ட் மட்டும் போட்டு, ஆழம் குறையாமல் 130 கிலோ ஸ்குவாட் போடுகிறவர், போட்டி ஐபிஎஃப் (சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு) விதிப்படி நடப்பது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் சூட் கிலோ ஏற்றுவதற்கு அல்ல, கற்றுக்கொள்வதற்கு. சூட் துணி எடை அழுத்தினால்தான் விட்டுக்கொடுக்கும். அளவுக்கு மீறி இறுக்கமான சூட்டில் 150 கிலோ வைத்தாலும் இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்காது. இறங்க 180 வேண்டியிருக்கும்; அதைத் தாங்க உங்கள் முதுகு இன்னும் தயாராகியிருக்காது. மூன்று முயற்சியும் ஆழமில்லை என்று போனால் ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றையும் கூட்டும் மொத்தக் கணக்கிலிருந்தே வெளியே. அதனால் நான் சொல்லும் அளவுகோல் இது: ரா (சூட், ஷர்ட் இல்லாமல் தூக்கும்) அதிகபட்சத்தைவிட 10 சதவீதம் கூட, உங்களுக்கு 143 கிலோவை ஒட்டி, தோள் ஸ்ட்ராப் மாட்டிய நிலையில் ஆழம் கிடைக்க வேண்டும். தயாரிப்பாளரின் அளவு அட்டவணை சொல்வதைவிட ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். இன்ஸர் சாம்பியன் போன்ற எளிய பாலியஸ்டர் சூட் போதும். எதை வாங்கினாலும் ஐபிஎஃப் அங்கீகாரப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

போடும் விதத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். இரண்டு கால் பகுதியையும் சமமாக, தையல் திருகாமல் மேலே இழுத்து, கவட்டில் இடைவெளி இல்லாமல் உட்காரவைத்த பிறகுதான் ஸ்ட்ராப். கவட்டில் துணி தொங்கினால் ஸ்ட்ராப் குட்டையாகி, நெஞ்சை முன்னால் இழுத்துக் கவிழ்க்கும். சூட்டின் மேல் பழி போடுவார்கள். தப்பு போட்ட விதத்தில். முதல் இரண்டு மூன்று வாரம் ஸ்ட்ராப்பைத் தொங்கவிட்டே பயிற்சி செய்யுங்கள்.

பெல்ட் 10 செ.மீ. அகலம், 13 மி.மீ. தடிமனைத் தாண்டக்கூடாது. நெம்பி மூடும் லீவர் பூட்டு வைத்தது வேண்டாம், ஒற்றை முள் பெல்ட் வாங்குங்கள். ஸ்குவாட்டுக்கு இறுக்கமான துளை, டெட்லிஃப்டுக்குக் குனிய வசதியாக ஒன்று தளர்ந்த துளை என்று நொடியில் மாற்றலாம். பெரும்பாலான லீவர்களுக்கு ஸ்க்ரூடிரைவர் தேட வேண்டும்.

முட்டி ராப் (முட்டியில் சுற்றும் பட்டை) அதிகபட்சம் 2 மீட்டர் நீளம், 8 செ.மீ. அகலம். முட்டிக்குக் கீழே தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதைப் பாதி மூடும்படி மேலே ஏற்றுங்கள். சாக்ஸையோ சூட்டையோ ராப் தொடக்கூடாது, விதி. புதியவர்கள் மிக விறைப்பான ராப் வாங்கினால் முட்டி மடங்காமல் ஆழம் கிடைக்காமல் போகும். சூட்டும் ராப்பும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். ஆழம் எதனால் கிடைக்கவில்லை என்றே தெரியாது. மணிக்கட்டு ராப் 1 மீட்டர் வரை, அதில் பெரிய சிக்கல் இல்லை.

பெஞ்ச் ஷர்ட் கடைசியில் வாங்க வேண்டியது. டைட்டன் ஃப்யூரி மாதிரி மிதமானது தொடக்கத்துக்குச் சரி; அதைவிட விறைப்பான சூப்பர் கட்டானா இப்போது வேண்டாம். கைப்பகுதியை அக்குள்வரை முழுதாக ஏற்றாவிட்டால் ஷர்ட்டின் பலம் வீணாகும். பாரை ரா பெஞ்சில் இறக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, நெஞ்சின் அடிப்பகுதிக்கு, முழங்கையை ஒடுக்கி இறக்குங்கள். பார் இறங்கும் தூரத்தைக் குறைக்க முதலில் நெஞ்சில் மூன்று பலகை வைத்து, பிறகு இரண்டு, ஒன்று என்று குறைத்து வாருங்கள். தடம் மாறினால் பார் முகத்தை நோக்கியோ வயிற்றை நோக்கியோ பாயும், அதனால் மூன்று ஸ்பாட்டர் (பாரைப் பிடிக்கத் தயாராக நிற்பவர்) இல்லாமல் ஷர்ட் போடவே கூடாது. 2023 முதல் முழங்கையின் அடிப்பகுதி தோள்மூட்டின் மேற்பரப்பு அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பார் நெஞ்சைத் தொட்டால் மட்டும் போதாது.

"காசு கொடுத்துக் கிலோ வாங்குகிறார்கள்" என்று ரா தூக்குகிறவர்கள் இதற்கும் வந்து எழுதுவார்கள். ஷர்ட் போட்டு ஒரு முறை பாரை நெஞ்சுக்கு இறக்கிப் பார்த்துவிட்டு எழுதட்டும். எனக்கு ஆத்திரம் வேறொன்றில்: பல ஜிம்களில் சீனியரின் பழைய சூட்டை, தொடையளவு பார்க்காமல், நேற்று வந்த பையனுக்கு மாட்டிவிடுகிறார்கள். வலித்தால் "அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். கால் மரத்துப்போகிற சூட் உங்கள் சூட் இல்லை, கழற்றிவிடுங்கள். பழையது வாங்கியே ஆக வேண்டும் என்றால் உட்காரும் பகுதித் தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கே நூல் பிரிந்திருந்தால் அடி ஆழத்தில், முழு எடையும் தோளில் இருக்கும்போது கிழியும்.

டெட்லிஃப்டுக்குத் தனி சூட் முதல் வருடம் தேவையில்லை. சூட்டால் மிகக் குறைவாகக் கூடுவது அதில்தான். ஸ்குவாட் சூட்டையே ஸ்ட்ராப் தளர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள்.