பிரம்மாவைத் தரிசிக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. மதுரையில் தனியார் நிறுவனத்தில் வேலை, 58-ல் ஓய்வு. கைக்கு வரும் சம்பளம் 52,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை, வீட்டுச் செலவு எல்லாம் போக மாதம் 10,000 மிஞ்சும். சேமிப்புக் கணக்கில் 70,000, வங்கி நிரந்தர வைப்பு நிதியில் 1,50,000 இருக்கிறது. 76 வயதான என் அம்மாவுக்குப் புஷ்கர் பிரம்மா கோயிலையும் ராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கும் மற்ற கோயில்களையும் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நான், மனைவி, அம்மா மூவருக்கும் விமானக் கட்டணம் சேர்த்து 2,10,000 ரூபாய் என்கிறார் சுற்றுலா ஏஜென்ட். கார்த்திகைப் பௌர்ணமிக்குப் போனால்தான் விசேஷம் என்றும் சொல்கிறார். வங்கியில் 15 சதவீத வட்டிக்குத் தனிநபர் கடன் தயாராக இருக்கிறதாம். சேமிப்பிலிருந்து 30,000 போட்டு, மீதி 1,80,000-ஐ இரண்டு வருடக் கடனாக வாங்கலாமா? அல்லது வைப்பு நிதியை உடைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் அம்மாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். 76 வயதில் இருப்பவரின் ஆசையை ‘ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. தள்ள வேண்டியது மூன்றே மூன்று மாதம்தான். நவம்பருக்குப் பதிலாக பிப்ரவரியில் போனால் கடனே இல்லாமல் போய்வர முடியும்.

முதலில் கடன் கணக்கு. 1,80,000 ரூபாய், 15 சதவீதம், 24 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 8,730 ரூபாய். மொத்த வட்டி 29,500-ஐ நெருங்கும். வட்டியைவிட என்னை யோசிக்க வைப்பது அந்தத் தவணைதான். உங்களிடம் மிஞ்சுவதே 10,000. ஓய்வு பெறும் நாள் வரை மாதம் 1,270 ரூபாயை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும். வேலையில் மீதியிருக்கும் இந்த இரண்டு வருடமும் உங்களுக்குச் சேமிப்புக் காலம். அதை மொத்தமாகத் தவணைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, தேதிக்கு வருவோம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டித்தான் புஷ்கரில் ஒட்டகச் சந்தையும் ஏரியில் புனித நீராடலும் நடக்கும். நாடு முழுவதிலிருந்தும், வெளிநாடுகளிலிருந்தும் கூட்டம் குவியும். அறை வாடகை பல மடங்கு ஏறும். பிகானேருக்கு அருகே, உங்கள் வழியிலேயே இருக்கும் கோலாயத் என்ற தலத்திலும் அதே பௌர்ணமியில்தான் பெரிய திருவிழா. அந்த நெரிசலில் படித்துறையில் இறங்குவது 76 வயதில் பெரும்பாடு. அம்மா கேட்டது பிரம்மாவின் தரிசனம். பௌர்ணமி என்பது ஏஜென்ட் சொன்னது. அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். அந்த நாள்தான் வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். அப்போது பாலைவனத்தை விட்டுவிட்டு அஜ்மீர், புஷ்கர் மட்டும் போய்வாருங்கள். வேண்டுதல் இல்லையென்றால் பிப்ரவரி நல்ல மாதம். கோடை வெயில் இன்னும் தொடங்கியிருக்காது, ஜனவரி இரவுகளின் கடுங்குளிரும் தணிந்திருக்கும். அதிலும் ஒரு விஷயம்: வட இந்தியர்களின் மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி ஜெய்சல்மேரில் பாலைவனத் திருவிழா நடக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது வழி. இந்த யாத்திரையில் கோயில்களுக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். பணத்தைத் தின்பது கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கும் தூரம். மதுரையிலிருந்து பிகானேருக்கு அனுவ்ரத் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை போகிறது. புஷ்கருக்குப் பக்கத்தில் இருக்கும் அஜ்மீரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஹம்சஃபர் எக்ஸ்பிரஸ், அதுவும் வாரம் ஒருமுறை. பிகானேரில் நுழைந்து அஜ்மீரில் வெளியேறினால் போன சாலையிலேயே திரும்ப வேண்டியதில்லை. ரயிலிலேயே போக இரண்டு நாளுக்கு மேல், வர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதனால் ஏறக்குறைய இரண்டு வாரம் விடுப்பு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். இரண்டு ரயில்களின் தேதியையும் பொருத்திய பிறகே மற்றதையெல்லாம் முடிவு செய்யுங்கள்.

பிகானேரிலிருந்து தேஷ்நோக் கர்ணி மாதா கோயில் 30 கிலோமீட்டர். எலிகள் சுதந்திரமாக ஓடித் திரியும் கோயில். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்து கபில முனிவரின் கோலாயத், பொக்ரானுக்குப் பக்கத்தில் பாபா ராம்தேவின் (யோகா குரு அல்ல, ராஜஸ்தான் மக்கள் தெய்வமாக வணங்குபவர்) சமாதி இருக்கும் ராம்தேவ்ரா, அங்கிருந்து ஜெய்சல்மேர். அன்று மட்டும் 330 கிலோமீட்டர் வரும். ஜெய்சல்மேரிலிருந்து எல்லையோரத் தனோட் மாதா கோயில் 120 கிலோமீட்டர், போய்வர 250 என்று வையுங்கள். பிறகு ஓசியான் சச்சியாய் மாதா கோயில் வழியாக ஜோத்பூர், சுமார் 300. கடைசியாகப் புஷ்கர், இன்னொரு 190. ஆக, பிகானேரை விட்டபின் 1,070 கிலோமீட்டர்.

வாடகைக் காரில் பலர் பணத்தை விடுவது இங்கேதான். வெளியூர்ப் பயணத்துக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது அந்தத் தொழிலின் வழக்கம். கார் விடுதி வாசலில் நின்றாலும் 250-க்குப் பணம் தர வேண்டும், டிரைவர் பேட்டாவும் உண்டு. ஏழு நாளும் ஒரே காரை வைத்துக்கொண்டால் 1,750 கிலோமீட்டர், அதோடு கார் காலியாகப் பிகானேர் திரும்ப இன்னொரு 250. கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பேட்டா 400 என்று வைத்துக்கொண்டால் 30,800 ரூபாய். அதற்குப் பதிலாக தேஷ்நோக்குக்கு உள்ளூர் வண்டி பிடியுங்கள். புஷ்கரில் இறங்கியதும் காரை அனுப்பிவிடுங்கள். நடுவில் ஐந்து நாள் மட்டும் கார். அப்போது தேஷ்நோக் வண்டியும் சேர்த்து 25,000-க்குள் முடியும். அந்த ஐந்தில் ஒரு நாள் ஜெய்சல்மேரில் முழு ஓய்வு. கார் சும்மா நிற்பதால் ஏறக்குறைய 3,000 ரூபாய் கூடும்தான். அதை யோசிக்காமல் கொடுங்கள். அந்த வயதில் நான்கு நாள் தொடர்ந்து காரில் உட்கார்ந்தால் ஐந்தாம் நாள் பிரம்மாவைப் பார்க்கத் தெம்பு இருக்காது. கிலோமீட்டர் விலை, குறைந்தபட்ச தூரம், பேட்டா, சுங்கம், காலியாகத் திரும்பும் கட்டணம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் போடுங்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

என் கணக்கில் மொத்தச் செலவு ஒரு லட்சம். ஏசி ரயில் மூவருக்கும் போக வர 26,000, வண்டி 25,000, ஏழு இரவு அறை 18,000, சாப்பாடு 15,000, பூஜை, காணிக்கை 6,000, எதிர்பாராத செலவுக்கான கைக்காவல் 10,000. இவை என் மதிப்பீடுகள்தான், விலை விசாரிக்கும்போது முன்னே பின்னே மாறும். ஒன்றில் கூடினால் கைக்காவலில் கை வைக்காமல் அறையில் குறைக்கப் பாருங்கள். பல யாத்திரைத் தலங்களில் தர்மசாலைகள் இருக்கின்றன. அம்மாவுக்குக் கீழ்த்தளமும் மேற்கத்திய கழிப்பறையும் கிடைத்தால் அவையே போதும்.

பணம் வரும் வழி இது. ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை ஆறு மாதம், சம்பளம் வந்த மறுநாளே 10,000 ரூபாய் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போகட்டும். 6 சதவீத வட்டி என்றாலும் பிப்ரவரி தொடக்கத்தில் 61,000 கையில் இருக்கும். மீதி 39,000 சேமிப்புக் கணக்கிலிருந்து. அங்கே 31,000 தங்கிவிடும், வைப்பு நிதி அப்படியே இருக்கும். டிசம்பரில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, தொடர் வைப்பு அதற்குள் முதிர்ந்திருக்காது. அதனால் டிக்கெட் பணம் 26,000-ம் காருக்கான முன்பணமும் சேமிப்புக் கணக்கிலிருந்து போகட்டும். வாராந்திர ரயில்கள் என்பதால் முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள். முதியோருக்கான கட்டணச் சலுகை 2020-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் அது உண்டு. ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான் அனுமதி. உங்கள் மனைவிக்கு 45 தாண்டியிருந்தால் அம்மாவையும் அவரையும் தனி டிக்கெட்டில் போடுங்கள், உங்களுக்கு வேறு டிக்கெட்.

வைப்பு நிதியை உடைக்க வேண்டாம் என்றது வட்டி நஷ்டத்துக்காக இல்லை. வழியில் அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் அதுதான் உங்கள் மருத்துவப் பணம். புறப்படும் முன் அந்த வைப்பின் மீது ஓவர்டிராஃப்ட் வசதி (வைப்பை உடைக்காமலே அதன் பேரில் தேவைக்குப் பணம் எடுப்பது) கேட்டு வையுங்கள். எடுத்தால்தான் வட்டி. அதுவும் வைப்பு வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல். 70 வயது கடந்தவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு 2024-ல் வந்தது. அம்மாவுக்கு அந்த அட்டை எடுத்தாயிற்றா என்று பாருங்கள். எடுத்திருந்தால் பிகானேர், ஜெய்சல்மேர், ஜோத்பூரில் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் எவை என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தனோட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லைப் பாதுகாப்புப் படை பராமரிக்கும் கோயில் அது. 1965 போரில் சுற்றி விழுந்த குண்டுகள் வெடிக்காமல் போனது மாதாவின் அருள் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. வெடிக்காத குண்டுகளைக் கோயிலிலேயே வைத்திருக்கிறார்கள். எல்லை நிலவரம் மாறினால் பயணமும் மாறும். 2025 மே மாத மோதலின்போது ஜெய்சல்மேர், ஜோத்பூர், பிகானேர் விமான நிலையங்களே சில நாள் மூடப்பட்டன. போர் காரணமான இழப்பைப் பயணக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை. அதனால் ஜெய்சல்மேர் அறையை மட்டுமாவது, கொஞ்சம் கூடுதல் விலையானாலும், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் எடுங்கள். மூவரின் ஆதாரும் கையில் இருக்கட்டும். அந்தப் பக்கம் செல்போன் சிக்னலை நம்பி யுபிஐ-யோடு மட்டும் போக முடியாது. ஜெய்சல்மேரிலேயே 5,000 ரூபாயை 100, 200 தாள்களாக எடுத்துவிடுங்கள்.

புஷ்கர் படித்துறையில் பூஜை செய்து வைக்கிறேன் என்று கையில் பூவைக் கொடுத்துவிட்டு, முடிவில் ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சங்கல்பத்தின் நடுவில் தொகை கேட்டால் அம்மாவால் மறுக்க முடியாது. உட்காரும் முன்பே தட்சணையை நீங்கள் பேசி முடித்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் சம்பளத்தில் எல்டிஏ (LTA) என்ற விடுப்புப் பயணப் படி இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பழைய வரி முறையில் இருந்தால் உள்நாட்டுப் பயணக் கட்டணத்துக்கு, அந்தப் படியின் அளவு வரை, வரிவிலக்கு உண்டு. நான்கு வருடத் தொகுப்பில் இரண்டு பயணம். இப்போதைய தொகுப்பு 2026 முதல் 2029 வரை. உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் அதில் சேர்வார்கள். அறைக்கும் சாப்பாட்டுக்கும் விலக்கு கிடையாது, புதிய வரி முறையில் இந்தச் சலுகையே இல்லை. கிடைக்கும் என்றால் ரயில் டிக்கெட் நகல்களைப் பத்திரப்படுத்தி, ஊர் திரும்பியதும் மார்ச் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.