வாயால் சாப்பிடுகிறவருக்கு எதற்கு வயிற்றுக் குழல்?

கேள்வி: அப்பாவுக்கு 57 வயது. குலசேகரம் பக்கம் முப்பது வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறவர். போன வருடம் வலது கையில் கத்தி நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார்கள். பிறகு ஓர் ஆசானிடம் மூன்று மாதம் வர்ம வைத்தியம் பார்த்தோம். கை மெலிந்துகொண்டே போனது. இப்போது பேச்சும் குழறுகிறது, கட்டன் சாயா குடித்தால் புரையேறுகிறது. திருவனந்தபுரத்தில் காட்டியபோது மோட்டார் நியூரான் நோய் என்றார்கள். இப்போதே வயிற்றில் குழல் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். வாயால் சாப்பிடுகிற மனுசனுக்குக் குழல் எதற்கு என்று அம்மா அழுகிறார். அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. என்ன செய்வது? (ஒரு மகன், தக்கலை)

பதில்: அம்மா கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நோயின் போக்கில் இருக்கிறது.

மூளையிலிருந்து தண்டுவடத்துக்கும், அங்கிருந்து தசைக்கும் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. கட்டளை வராத தசை மெலிகிறது, தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடிக்கிறது. தொடு உணர்வு, பார்வை, காது கேட்பது, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதலில் தேய்மானம் என்று நினைத்ததற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். கை மெலிவது மட்டும் இருந்தால் எல்லோருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும். ஆனால் நாக்கை அசைக்கும் நரம்பு மூளையின் அடித்தண்டிலிருந்து கிளம்புகிறது. கழுத்து எலும்பு எவ்வளவு தேய்ந்தாலும் பேச்சு குழறாது. பேச்சு மாறிய அன்றே கதை வேறு.

ஆசானிடம் போனதும் தப்பில்லை. நம்மூரில் கை மரத்தாலும் சுளுக்கினாலும் முதலில் ஏறுவது அந்தத் திண்ணைதான். தசைப்பிடிப்புக்கு இதமாக எண்ணெய் தடவுவதை இப்போதும் தொடரலாம். தோளை இழுத்துப் பூட்டுவது மட்டும் வேண்டாம். தாங்கும் தசை மெலிந்த மூட்டு எளிதில் விலகிவிடும். ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று யாராவது லட்சங்களில் கணக்குச் சொன்னால், தோட்டத்தை விற்றுக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குப் பலன் உண்டென்று இன்றுவரை நிரூபணம் இல்லை.

நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. ரிலுசோல் மாத்திரை ஆயுளைச் சில மாதங்கள் நீட்டும், அவ்வளவுதான். இடையிடையே ஈரல் பரிசோதனை வேண்டும். முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து பெரும்பாலோருக்கு 2 முதல் 5 ஆண்டு. பத்தில் ஒருவர் பத்தாண்டைத் தாண்டுகிறார். ஸ்டீபன் ஹாக்கிங் 1963-ல் நோய் தெரிந்து 2018 வரை வாழ்ந்தது அரிதிலும் அரிது. அவர் படத்தைக் காட்டி அப்பாவுக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டாம். பத்தில் ஒன்பது பேருக்குப் பரம்பரைத் தொடர்பு இருப்பதில்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோயோ, இளவயது மறதி நோயோ இருந்ததா என்று மட்டும் விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இது தொற்றாது, அவர் குடித்த டம்ளரில் நீங்களும் குடிக்கலாம்.

இனி குழல். அது தொண்டை வழியே தொங்கும் மூக்குக் குழல் அல்ல. வயிற்றுத் தோல் வழியாக நேரே இரைப்பைக்குள் வைப்பது. சட்டை போட்டால் வெளியே தெரியாது. அதை வைத்த பிறகும் பாதுகாப்பாக விழுங்க முடிகிறவரை வாயால் சாப்பிடலாம். மீன் குழம்பின் ருசி எங்கேயும் போகாது. அவசரப்படுத்தக் காரணம் மூச்சு. குழல் வைக்க மயக்க மருந்தும் மல்லாந்து படுப்பதும் தேவைப்படும். மூச்சின் கொள்ளளவு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தச் சிறு சிகிச்சையே ஆபத்தாகிவிடும். விழுங்க முடியாமல் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் பலருக்கு, வேண்டும் என்று முடிவெடுத்தபோது வாய்ப்பு கைநழுவியிருந்தது. அடுத்த முறை போகும்போது ‘மூச்சளவு எத்தனை சதவீதம்?’ என்று கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள்.

அதுவரை சாப்பாடு. மெலிந்த தொண்டைக்கு மிகக் கடினம் தண்ணீரும் சாயாவும்தான். கட்டிச் சோறு அல்ல. அதைவிட மோசம் கஞ்சி. நீர் முன்னால் ஓடிவிடும், பருக்கை பின்தங்கும், இரண்டுக்கும் நடுவே புரையேறும். கஞ்சியையும் பயறையும் சேர்த்துக் குழைய மசித்து, கரண்டியில் எடுத்தால் வழியாத பதத்தில் கொடுங்கள். மரச்சீனிக்கிழங்கை வேகவைத்து அப்படியே கொடுத்தால் அண்ணத்தில் ஒட்டும். குழம்பு விட்டு இளக்கிப் பிசையுங்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சும் ஏத்தங்காய்ப்பொடிக் (நேந்திரங்காய்ப்பொடி) கூழ் இவருக்கு ஏற்றது. தேங்காய்ப்பாலும் நெய்யும் தாராளமாகச் சேர்க்கலாம். இந்த நோயில் எடை குறைவதுதான் கெட்ட அறிகுறி. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்று நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள். சாப்பிடும்போது டிவி வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

இரவில் மல்லாந்து படுக்க முடியாமை, காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது ஆகியவை மூச்சுத் தசை தளர்வதன் அடையாளம். முகமூடி வைத்துக் காற்றைத் தள்ளும் பைபாப் கருவி அப்போது ஆயுளையும் கூட்டும், தூக்கத்தையும் தரும். மருத்துவர் சொல்லாமல் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைத்துவிடாதீர்கள். கெட்ட காற்று வெளியேறாமல் மயக்கத்தில் போய் முடியலாம். கருவியோடு பேட்டரியும் வேண்டும். 2017-ல் ஒக்கிப் புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஒவ்வொரு முறையும் திருவனந்தபுரம் ஓட வேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் பதிந்து வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். நோய் ஆதரவு சிகிச்சை என்றால் கடைசி வாரத்துக்கு உரியது என்று ஒதுக்காதீர்கள். வாயில் எச்சில் வழிவதற்கும், இரவில் கால் இழுப்பதற்கும் இன்றைக்கே மருந்து இருக்கிறது. கை ஓரளவாவது வேலை செய்யும்போதே மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். கையெழுத்து, கைரேகை எல்லாம் இப்போது எளிது.

அப்பா திடீரென்று அடக்க முடியாமல் அழுதாலோ, சாவு வீட்டில் சிரித்துவிட்டாலோ பதறாதீர்கள். புத்தி பேதலிக்கவில்லை, அதுவும் நரம்பின் வேலைதான், மருந்து உண்டு. ஆனால் குணமே மாறி, முன்யோசனை இல்லாமல் நடக்கிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குழல் வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டீர்கள், என்னைக் கேட்டீர்கள். அப்பாவைக் கேட்கவில்லை. முப்பது வருடம் இருட்டில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையில் எவ்வளவு ஆழம் கத்தி போகலாம் என்று முடிவெடுத்தவர் அவர். கத்தி நழுவியதை முதலில் கவனித்ததும் அவர்தான். பெயர் தெரியாவிட்டாலும் விஷயம் பாதி புரிந்திருக்கும். குழல், முகமூடி, நாளைக்குத் தொண்டையில் துளையிட்டு எந்திரத்தில் வைப்பதா கூடாதா என்ற மூன்றுக்கும் அவர் வாயால் பதில் சொல்லும் காலம் இதுதான். மருத்துவரையே சொல்லச் சொல்லலாம். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

பேச்சு தெளிவாக இருக்கும் காலை வேளைகளில் போனில் அவர் குரலைப் பதிந்து வையுங்கள். ஓர் அட்டையில் உயிர் பன்னிரண்டையும் மெய் பதினெட்டையும் வரிசையாக எழுதி, நீங்கள் விரல் வைக்க அவர் கண் சிமிட்டப் பழகுங்கள். கண் தசைகள் பெரும்பாலும் கடைசிவரை கைவிடுவதில்லை. பேச முடிகிற இப்போதே தொடங்கினால் அது விளையாட்டாகப் படிந்துவிடும். பேரப்பிள்ளை இருந்தால் அவனிடம் விட்டுவிடுங்கள்.